துக்க வீட்டில் எரிந்த அடுப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, கொடைக்கானலில் நடந்தது இது. பஜாருக்குக் கீழே சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த தகரக்கூரை வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான். அப்பா பஜாரில் ஒரு பேக்கரியில் மாஸ்டர். சீசனுக்கு மலையேறி வருகிறவர்கள் வரிசையில் நின்று வாங்கிப் போகிற பிளம் கேக்கும் பன்னும் அவர் கையால் ஆனவை.

நான் குண்டுப் பிள்ளை. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குப் பிடிக்காது. கைக்குழந்தையாக இருந்தபோது மிஷன் காம்பவுண்டில் நடந்த பேபி ஷோவில் முதல் பரிசு எனக்குத்தான். பரிசு என்ன தெரியுமா? பெரிய டின் நிறையப் பால்பவுடர். ஏற்கெனவே உப்பிக் கிடக்கிற குழந்தைக்கு இன்னும் எதற்குப் பால்பவுடர் என்று அன்றைக்கு அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. ஸ்டுடியோக்காரர் என் படத்தைப் பெரிதாக்கிக் கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். பஜாருக்குப் போனால் என் கன்னத்தைக் கிள்ளாத ஆள் கிடையாது. கிள்ளினவர்களில் ஒருவராவது என்னைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நாலு படி ஏறியிருந்தால் விஷயம் விளங்கியிருக்கும்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து இறந்திருந்தான். பால் தங்காமல், வயிற்றுப்போக்கில் வற்றி, எலும்பும் தோலுமாகப் போய்விட்டான். அம்மா அவனைப் பற்றிப் பேசவே மாட்டாள். ஆனால் எனக்குச் சோறு போடும்போதெல்லாம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஒரு கரண்டி கூடுதலாக விழுவது அவனுக்காகத்தான். மெலிந்த பிள்ளை சாகும், குண்டான பிள்ளை பிழைக்கும். அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான், அதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள் அவள்.

பேக்கரி வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கேக்குக்கு ஐசிங் பூசுமுன் நாலு பக்க ஓரத்தையும் நேராகச் சீவிவிடுவார்கள். அந்த ஓரம் வேலைக்காரர்களுக்கு. அப்பா தினமும் அதைப் பேப்பரில் சுற்றி எடுத்து வருவார். வெண்ணெய் ஊறி, முறுகலாக, நடுக்கேக்கைவிட அதுதான் ருசி. காலையில் அது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அது. காய்கறி என்றால் சாம்பாரில் மிதக்கும் ஒரு துண்டு உருளைக்கிழங்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், காய்கறி எங்கள் தலைக்கு மேலேதான் விளைந்தது. மேல்மலைக் கிராமங்களில் படிப்படியாக வெட்டிய சரிவில் கேரட்டும் பீன்ஸும் கோசும் போட்டிருப்பார்கள். அவ்வளவும் மூட்டையாகக் கட்டி, எங்கள் பஜார் வழியாகத்தான் லாரியில் இறங்கி, ஒட்டன்சத்திரத்துக்கும் மதுரைக்கும் போகும். விளைவித்தவர்கள் வீட்டிலும் அது உலையேறாது. அது லாரிக்கு உரிய சரக்கு, நம் வாய்க்கு இல்லை என்றே மலையில் பலரும் நினைத்திருந்தோம்.

கொடைக்கானலில் எங்கே போவதானாலும் ஒன்று ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். பள்ளிக்கூடம் மேலே. நான் பாதி மேட்டில் ஒரு கல்லில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்குவேன். கூடப் படிக்கும் பிள்ளைகள் என்னைத் தாண்டி ஓடும்போது, "பன்னு, உருண்டு வா பன்னு" என்று கத்திக்கொண்டே போவார்கள். வகுப்பில் என் பெயர் அதுதான். அழுதால் இன்னும் கூப்பிடுவார்கள் என்பதால் நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

அந்த வருஷம் சீசன் முடியும் சமயம். ஒருநாள் பேக்கரியில் கரியடுப்பைக் கிளறும்போது ஒரு தணல் தெறித்து அப்பாவின் கான்வாஸ் ஷூவுக்குள் விழுந்துவிட்டது. அவருக்கு அது தெரியவேயில்லை. ஷூ கருகும் வாசம் வந்து, பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் சத்தம் போட்ட பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். வீட்டில் வந்து இதைப் பெருமையாகச் சொன்னார். அடுப்பு முன்னால் நின்று நின்று தன் கால் இரும்பாகிவிட்டதாம். நாங்களும் சிரித்தோம்.

புண் ஆறவில்லை. மஞ்சள் வைத்தும் ஆறவில்லை, களிம்பு தடவியும் ஆறவில்லை. வாடை வரத் தொடங்கியதும் அம்மா பயந்துபோய் மிஷன் டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போனாள், நானும் போனேன். அங்கே இருந்த சிஸ்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அப்பாவின் சிறுநீரில் சில சொட்டு விட்டு, விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. சர்க்கரை வியாதி. அதுவரை எங்கள் வீட்டில் சர்க்கரை என்றால் மூட்டையில் வருவதுதான்.

மதுரைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. நல்ல கனத்த உடம்பு. பஸ்ஸிலிருந்து அவரை இறக்கிச் சரிவில் கொண்டுவர அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோரும் கூட வேண்டியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். கன்னத்தைக் கிள்ளுகிறவர்கள் பார்க்கும் பார்வை இல்லை அது.

மறுநாளே என்னை அந்த சிஸ்டரிடம் அனுப்பினார். எனக்கும் அதே குழாய், அதே நீலம். காய்ச்சியதும் லேசாகப் பச்சை ஓடியது. சிஸ்டர் விளக்கை அணைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இன்னும் செவக்கல. செவக்க விட்டுறாதீங்கம்மா. கேக்கு, பன்னு, டின்பாலு எல்லாத்தையும் நிறுத்துங்க. காய்கறி நெறையக் குடுங்க. ஓடியாடி வேலை செய்யட்டும்."

அம்மா தலையை ஆட்டினாள். வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆட்டியது தலை மட்டும்தான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் தொட்டாலே அரிக்கும் செந்தட்டிச் செடி மண்டிக் கிடந்த ஒரு துண்டுச் சரிவு இருந்தது. அப்பா ஒரு மைதா சாக்கை மடித்து, அதன்மேல் உட்கார்ந்து, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து அதைக் கொத்தத் தொடங்கினார். கல் பொறுக்கி அணைத்துப் பாத்தி கட்டினார். பேக்கரிக் கையல்லவா, மண்ணையும் மாவு மாதிரியே பிசைந்து பிசைந்து பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும் மேல்மலைக்காரர் ஒருவர் விதை கொண்டுவந்தார். எதற்கு என்று கேட்டவருக்கு, பிள்ளைக்குத் தின்னக் கொடுக்கத்தான் என்று அப்பா சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"கேரட்ட நாம திங்கிறதா? லாரிக்கில்ல போடுறோம், மாஸ்டரு!"

தண்ணீர் கொண்டுவருவது என் வேலை. ஊற்று கீழே இருந்தது. காலையிலும் மாலையிலும் சின்னக் குடத்தோடு இறங்கி ஏற வேண்டும். ஏறும்போது நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கும். அப்பா என்னைத் தண்டிக்கிறார் என்றே நினைத்தேன். அவர் கால் போனதற்கு நான் என்ன செய்தேன் என்று ஆத்திரமாக வரும். குடத்தைப் பொத்தென்று வைப்பேன். எனக்கு என்ன சாப்பாடோ அதுதான் அவருக்கும். எண்ணெயில்லாமல் வேகவைத்த முள்ளங்கியை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்போம்.

பேக்கரி முதலாளி ஒரு பாய். தங்கமான மனுஷன். அப்பா வேலைக்கு வராவிட்டாலும் அரைச் சம்பளத்தை நிறுத்தவில்லை. தினமும் சாயங்காலம் கேக் ஓரமும் பன்னும் பொட்டலம் கட்டி அனுப்புவதையும் நிறுத்தவில்லை. அப்பா பொட்டலத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வார். அம்மா வாங்கி உள்ளே போவாள். அது திரும்பிப் போகவில்லை. அரிசிப் பானைக்குள் போனது. நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது சமையலறை மறைவில் என் வாயில் திணித்துவிடுவாள். டின்பாலைக்கூட விரலில் தொட்டு நாக்கில் வைப்பாள். வெரசா முழுங்கு, அப்பா பார்க்கப்போகிறார் என்பாள்.

ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். தவழ்ந்து வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். அம்மாதான் கத்தினாள்.

"எலும்புந்தோலுமா ஒண்ணக் கொண்டுபோய்ப் பொதைச்சிட்டு வந்தேன். இன்னொண்ணும் மெலியிறதப் பாத்துக்கிட்டு நிக்க எனக்குத் தெம்பு இல்லீங்க."

அப்பா வேட்டியை விலக்கி, மொட்டையாக முடிந்த அந்தக் காலை நீட்டினார். "நானும் குண்டாத்தான் இருந்தேன்" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகும் ஊட்டுவதை நிறுத்தவில்லை, கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். ஒரு பக்கம் அவர் இழுக்க, ஒரு பக்கம் இவள் இழுக்க, நடுவில் என் வயிறு.

பேக்கரியில் ரொட்டி வெந்துவிட்டதா என்று பார்க்க அப்பா அதைக் கவிழ்த்து, அடியில் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பார். சத்தத்திலேயே தெரியுமாம். அதே காதை இப்போது என்மேல் வைத்திருந்தார். நான் குடத்தோடு மேலே வரும்போது முகத்தைத் திருப்பி, நான் மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்பார். ஐப்பசி மழை விட்டு வெயில் வந்த ஒருநாள், "பாப்பா, இன்னைக்கு மூச்சு கொறஞ்சிருக்கு" என்றார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஊற்றுப் பாதை நடுவில் வழக்கமாக உட்காரும் கல்லில் அன்று நான் உட்காரவேயில்லை. அவர்மேல் இருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தக் காரமில்லாத நூக்கல் பொரியல்கூட அன்று தொண்டையில் இறங்கியது.

மார்கழி வந்தது. எங்கள் ஊரில் அந்த மாதத்தில் புல்லெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். உறைபனி பட்டால் பீன்ஸ் செடி கருகிவிடும். அப்பா பேக்கரியிலிருந்து பழைய மைதா சாக்குகள் வரவழைத்து, குச்சி நட்டு, சாயங்காலமானால் பாத்திக்கு மேல் போர்த்துவார். வெள்ளனே எழுந்து, வெயில் ஏறுமுன் சாக்கை விலக்கி, இலையில் தங்கிய பனியைத் தண்ணீர் தெளித்துக் கழுவுவார். அந்தக் குளிரில் ஈர மண்ணில் உட்கார்ந்தே நகர்வார். இருந்த ஒரு காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருப்பார்.

அந்தப் பைக்குள் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. பாத்திக்கல் கீறிப் புண்ணாகியிருக்கிறது. முதலில் அவருக்கே தெரிந்திராது. தெரிந்த பிறகு மறைத்துவிட்டார். சொன்னால் மறுபடி மதுரை. இன்னொரு காலையும் எடுப்பார்கள் என்ற பயம் ஒன்று. பூ வைத்திருந்த பீன்ஸ் இன்னொன்று. இதில் எது பெரிது என்று அவருக்குத்தான் தெரியும். இத்தனை வருஷமாக நான் நினைத்து நினைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

அம்மாதான் கண்டுபிடித்தாள். பொங்கல் முடிந்து சில நாள் இருக்கும். போர்வையை உதறியவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த வாடை அவளுக்குத் தெரியும். அவருக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. பாய் உடனே ஜீப் பிடித்து அனுப்பினார். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அம்மா ஏறினாள். ஜீப் நகரும்போது அப்பா என்னைப் பார்த்து, "சாக்க மறந்துறாத பாப்பா" என்றார்.

மதுரை போய்த் திரும்ப ஒரு நாளாவது ஆகும். அந்த ஜீப் மத்தியானமே திரும்பி வந்துவிட்டது. பண்ணைக்காடு பிரிவைத் தாண்டினதுமே உயிர் போய்விட்டதாம்.

அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினதும் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. நேராக வீட்டுப் பின்பக்கம் பார்த்து, "இந்தப் பாழாப்போன தோட்டந்தான் அவரத் தின்னுருச்சு" என்று கத்தினாள். கல்லெடுத்து எறிந்தாள். பெண்கள் பிடித்து உள்ளே கொண்டுபோய்ப் பாயில் உட்காரவைத்தார்கள். அன்று சாயங்காலம் யாரும் பார்க்காதபோது நான் போய்ச் சாக்கைப் போர்த்தினேன். இரண்டு சாக்கு நழுவி விழுந்தது. காலையில் பார்த்தால் அந்த இடத்துச் செடி மட்டும் கருகியிருந்தது.

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். எங்களில் துக்க வீட்டில் மூன்றாம் நாள் பூசை முடியும்வரை அடுப்பு பற்றவைக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். அப்பாவிடம் வேலை கற்றவர்கள் அன்று கடைக்காக அடுப்பு மூட்டவில்லை, எங்களுக்காக மூட்டியிருந்தார்கள். மாஸ்டர் பக்குவத்திலேயே பிளம் கேக் போட்டு, தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பாயே ஒரு தட்டைச் சுமந்து வந்தார். அழுதுகொண்டே வந்தார். அவர்களுக்கு அப்பாவை மரியாதை செய்ய வேறு வழி தெரியாது.

நான் முந்தின நாளிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பெரிய துண்டை என் கையில் வைத்தார்.

"தின்னு தாயி. ஒங்கப்பா நெனப்பா தின்னு."

வாய்க்குக் கொண்டுபோனேன். வெண்ணெயும் கிராம்பும் கலந்த வாசம். அப்பா வேலை விட்டு வந்ததும் அவர் சட்டையில் வரும் அதே வாசம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பசியும் முட்டிக்கொண்டு வந்தது.

மூலையில் பாயில் கிடந்த அம்மா என் கையைப் பார்த்தாள். எழுந்து வந்தாள். புருஷனை அடக்கம் செய்த அன்றைக்கு அப்படிப் பாயைவிட்டு எழக் கூடாது. என் கையிலிருந்த கேக்கை எடுத்தாள். எறியவில்லை, பழையபடி தட்டிலேயே பதமாக வைத்தாள். பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

"ஏத்தா, எங்க போற? வந்து உக்காரு" என்று பெண்கள் பின்னாலேயே ஓடினார்கள். அம்மா பாத்தியில் இறங்கி, சாக்கை ஒவ்வொன்றாக இழுத்து வீசினாள். கேரட்டைக் கொத்தாகப் பிடித்துப் பிடுங்கினாள். பீன்ஸைச் சரசரவென்று உருவினாள்.

"விடுங்க, புடுங்கி எறியட்டும். மனசாச்சும் ஆறும்" என்றார் ஒருத்தர்.

எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா போனார், இதுவும் போகப்போகிறது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துத் தொங்கினேன். "புடுங்காதம்மா, புடுங்காதம்மா" என்று கத்தினேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் மண்.

"புடுங்காம எப்பிடிடீ திங்கிறது?"

அப்போதுதான் அவள் மடியைப் பார்த்தேன். முந்தானையை ஏந்திப் பிடித்து, பிடுங்கினதையெல்லாம் அதில் போட்டிருந்தாள். ஒரு காய்கூடக் கீழே விழவில்லை. நேராக உள்ளே வந்தாள். அலசினாள், நறுக்கினாள். அடுப்பில் விறகை வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியம்மா வந்து கையைப் பிடித்தார்.

"துக்க வீட்டுல அடுப்பு எரியக் கூடாதுடீ. மூணாம் நாளு பூசை முடியட்டும்."

"அதுக்குள்ள பீன்ஸு முத்திப் போயிரும். அவரு இதுக்காகப் பனியில கெடந்து செத்தாரு. நான் முத்த விடமாட்டேன்."

பெரியம்மா பிடித்த கையை விட்டார். சிலர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்கள். தகரக்கூரை இடுக்கு வழியாகப் புகை மேலே போவதைத் தெருவே பார்த்தது. அம்மா கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அப்போது, வாசலில் நின்ற பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மாஸ்டர் வெளைய வச்சதாம்மா? எனக்கும் ஒரு வாய் குடுங்க" என்றார்.

உப்பு அதிகமாக இருந்தது. அடிப்பிடித்த வாசமும் இருந்தது. நானும் பாயும் தின்றோம். அம்மா எதிரே உட்கார்ந்து, நான் மென்று விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் பயம் அப்படியே இருந்தது. மெலிந்துபோய்விடுவேனோ என்ற அதே பயம். அந்தப் பயத்தோடுதான் சமைத்துக் கொடுத்தாள்.

பாய் அன்றோடு பொட்டலம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போனாள். நாங்கள் அந்த வீட்டில் இருந்தவரை பாத்தியை அவள் காயவிடவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தை அவள் ஒருநாளும் மன்னிக்கவில்லை. வெறுத்துக்கொண்டேதான் தண்ணீர் ஊற்றினாள், திட்டிக்கொண்டேதான் களை பிடுங்கினாள். சிஸ்டர் காய்ச்சும் கண்ணாடிக் குழாயில் என் நீலம் நீலமாகவே நின்ற அன்று, டிஸ்பென்சரி வாசலில் உட்கார்ந்து, அப்பா இறந்த அன்றுகூட அழாத அழுகை அழுதாள்.

அப்பா எட்டிப் பார்க்காத வயதையெல்லாம் தாண்டி வந்துவிட்டேன். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளை அடக்கம் செய்த அன்று உறவுக்காரர்கள் தடுத்துப் பார்த்தும் கேளாமல், நான் போய் அடுப்பைப் பற்றவைத்துப் பீன்ஸ் வேகவைத்தேன். சாஸ்திரம் தெரியாதவள் என்று இன்றைக்கும் என்னைச் சொல்கிறார்கள். சொல்லட்டும், அப்பாவை அடக்கம் செய்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததால்தான் நான் இரண்டு காலில் நின்றுகொண்டு இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.